ஆள் குடியிருக்கிற வீட்டை லாட்டரியில் பரிசாகக் கொடுத்த மாநிலம்! கௌபாய் கதைகள் சொல்லாத அமெரிக்கா

[திரை: இரவு, ஆற்றங்கரை, ஒரு வீட்டு ஜன்னலில் விளக்கு]

1835. வாஷிங்டனுக்குப் போன ஒரு மனுஷன் ராத்திரி நேரத்துல தன் வீட்டுக்குத் திரும்பி வர்றார். உள்ளே விளக்கு எரியுது, ஆளுங்க இருக்காங்க. ஆனா அவங்க யாரும் இவரோட சொந்தக்காரங்க இல்ல. வீடு, தோட்டம், படகுத்துறை எல்லாமே லாட்டரியில வேற ஒருத்தருக்குப் பரிசா விழுந்துடுச்சு. குலுக்கல் நடத்தினது ஜார்ஜியா மாநில அரசாங்கம்.

அந்த வீட்டுக்காரர் பேர் ஜான் ராஸ். செரோக்கிங்கிற அமெரிக்கப் பூர்வகுடி நாட்டோட முதன்மைத் தலைவர். அதுக்கப்புறம் அவர் குடும்பத்தோட மாநில எல்லையைத் தாண்டி, டென்னசியில ஒரு ரெண்டு அறை மரவீட்டுல போய் இருந்தார்.

வணக்கம் மக்களே. இன்னைக்கு அமெரிக்கா மேற்கு நோக்கி விரிஞ்ச கதை. நமக்கும் இந்தக் கதை புதுசு இல்ல. ஜெய்சங்கர் தொப்பி வெச்சு குதிரை ஏறின காலத்துல இருந்து, கௌபாய் காமிக்ஸ் வாங்க கடை கடையா அலைஞ்ச காலம் வரைக்கும், எல்லாமே நமக்கு அந்த மேற்குதான். ஆளில்லாத பெரிய பூமி, அதுல தனியா ஒரு வீரன், கையில துப்பாக்கி, பின்னாடி ஒரு மாட்டுவண்டி. எதிர்ல வர்றவங்க இறகு சொருகின "காட்டுவாசிகள்". எனக்கும் அந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும். ஆனா அந்த பூமியில யார் இருந்தாங்க, அவங்க கையில இருந்து அது எப்படிப் போச்சுன்னு ஆவணங்களைப் பார்த்தா, துப்பாக்கிக்கு முன்னாடியே சர்வேயர் வந்து நிக்கிறார். அவர் பின்னாடி குமாஸ்தா. அவர் பின்னாடி வக்கீல். ஒரே ஒரு மக்களை எடுத்துக்குவோம், செரோக்கி. அவங்க கதையில இது அவ்வளவு துல்லியமா தெரியும்.

பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடறேன். தென்கிழக்கு அமெரிக்கா, அப்பலாச்சியன் மலைப்பக்கம், இன்னைய ஜார்ஜியா, டென்னசி, வட கரோலினா, அலபாமா. பல ஒப்பந்தங்கள்ல நிலம் சுருங்கிச் சுருங்கி, 1820கள்ல மிஞ்சின கொஞ்சத்தை இனிமே விக்கிறதில்லைன்னு செரோக்கிகள் உறுதியா நின்னாங்க.

அவங்க எப்படி இருந்தாங்க தெரியுமா? இங்க கொஞ்சம் நிறுத்தி நிதானமா பார்க்கணும், எனக்கு இது அவ்வளவு பிடிச்ச பகுதி. சிகோயான்னு ஒரு வெள்ளித் தட்டார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரங்க காகிதத்துல கோடு போட்டுப் பேசிக்கிறாங்க, நம்ம மொழிக்கு மட்டும் ஏன் முடியாதுன்னு பல வருஷம் உட்கார்ந்து, 1821 வாக்கில ஒரு எழுத்து முறையையே உருவாக்கிட்டார். ஏறக்குறைய 85 எழுத்து. நம்ம உயிர்மெய் மாதிரி ஒவ்வொரு எழுத்தும் ஒரு அசை. நம்மகிட்ட க, கி, கு மூணுலயும் 'க'வோட முகம் தெரியும், அவர் எழுத்துல ஒவ்வொண்ணும் தனித்தனி வடிவம். சில வருஷத்துல மக்கள் கடகடன்னு கத்துக்கிட்டாங்க. படிக்கவே தெரியாத ஒரு ஆள், எழுத்தே இல்லாத ஒரு மொழிக்கு எழுத்து கொடுத்திருக்கார். உலக வரலாற்றுல இப்படி நடந்த சந்தர்ப்பம் ரொம்ப ரொம்பக் குறைவு!

1827ல எழுதப்பட்ட அரசியல் சாசனம். நியூ எகோட்டான்னு ஒரு தலைநகரம், அங்க நீதிமன்றம், சட்டசபை. 1828 பிப்ரவரி 21ல செரோக்கியும் ஆங்கிலமும் கலந்து வர்ற ஒரு செய்தித்தாள். "ஆளில்லாத காடு"ன்னு படத்துல காட்டுற இடத்துல அச்சு இயந்திரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். செரோக்கிகள்ல வசதியானவங்க கறுப்பின மக்களை அடிமையா வெச்சிருந்தாங்க. 1835 கணக்கெடுப்புல அந்த எண்ணிக்கை சுமார் 1,600. இவங்களைக் குறையே இல்லாத தேவதைகளா காட்டுறதும் இன்னொரு கட்டுக்கதைதான். அவங்க நிஜ மனுஷங்க, நிஜ நாடு.

அப்போ தங்கம் கிடைச்சுது. 1829ல வடக்கு ஜார்ஜியாவுல ஆயிரக்கணக்கான பேர் வந்து குவியறாங்க. மாநில அரசு அடுத்தடுத்து சட்டம் போடுது: செரோக்கி பூமி இனிமே எங்க சட்டத்துக்குள்ள. செரோக்கிகள் தங்கம் தோண்டக்கூடாது. வெள்ளைக்காரருக்கு எதிரா நீதிமன்றத்துல சாட்சி சொல்லக்கூடாது. இந்தக் கடைசி ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் வந்து உங்க மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறான், நீங்க கண்ணால பார்க்கறீங்க, கோர்ட்டுல போய் சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல.

[திரை: சுழலும் மர டிரம்]

இப்போ லாட்டரிக்கு வருவோம். செரோக்கிகள் குடியிருக்கும்போதே சர்வேயர்கள் சங்கிலி போட்டு அந்த பூமியை அளந்தாங்க. விவசாய நிலம் 160 ஏக்கர் துண்டு, தங்கப் பகுதி 40 ஏக்கர் துண்டு. 1832 அக்டோபர்ல, ஜார்ஜியாவோட அப்போதைய தலைநகரம் மில்லட்ஜ்வில்ல குலுக்கல் ஆரம்பிச்சுது. டிரம்ல சீட்டு, சுத்தி எடு, பேரைப் படி. கல்யாணம் ஆன ஆளுக்கு ரெண்டு சீட்டு. தனி ஆளுக்கு ஒண்ணு. விதவைகள், அப்பா இல்லாத பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. சுமார் 85,000 பேர் 18,000 சொச்சம் விவசாயத் துண்டுக்கும், சுமார் 1,33,000 பேர் 35,000 தங்கத் துண்டுக்கும் பேர் கொடுத்தாங்க. ஆனா அந்த மண்ணுல குடியிருந்த செரோக்கிகளால பேர் கொடுக்க முடியாது.

விதிமுறையில ஒரு வரி என்னை அப்படியே உட்கார வெச்சிடுச்சு. "போனி கிளப்"னு ஒரு திருட்டுக் கும்பல் செரோக்கிகளோட குதிரையையும் மாட்டையும் திருடிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கும்பல் ஆளுங்க குலுக்கல்ல கலந்துக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதினாங்க. குதிரையைத் திருடினவன் யோக்கியன் இல்லன்னு மாநிலத்துக்குத் தெரிஞ்சிருக்கு. நிலத்தை எடுத்துக்கிறதுக்கு மட்டும் அதே மாநிலம் டிரம் சுத்துது. அந்தக் குலுக்கல்லயும் மோசடி நடந்து, நடத்தின ஆணையர்கள்ல ஒருத்தரே மாட்டினார்.

கௌபாய் படத்துல ஹீரோ வெயில்ல மழையில கஷ்டப்பட்டு நிலத்தை ஜெயிக்கிறார், இல்லையா? இங்க ஜெயிச்சவங்கள்ல நிறைய பேர் அந்த நிலத்தைக் கண்ணால பார்த்ததுகூட கிடையாது. சீட்டு விழுந்ததும் வியாபாரிகிட்ட வித்துட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

வேன் மாளிகைக் கதையைச் சொல்லாம இந்த வீடியோவை முடிக்க முடியாது. 1804ல கட்டின ரெண்டு மாடி செங்கல் வீடு, ஸ்பிரிங் பிளேஸ்ங்கிற ஊர்ல. கட்டினதுல அடிமைகளோட உழைப்பும் இருக்கு. சொந்தக்காரர் ஜோசப் வேன், செரோக்கிகள்ல பெரிய பணக்காரர். 1833 வாக்கில ஒரு புதுச் சட்டம்: செரோக்கி ஒருத்தர் வெள்ளைக்காரரை வேலைக்கு வெச்சா சொத்து பறிமுதல். வேன் தோட்டத்தைப் பார்த்துக்க ஒரு வெள்ளைக்காரரை அமர்த்தியிருந்தார். முடிஞ்சுது. வீடு போச்சு. 1835ல அந்த வீட்டுக்கு ரெண்டு கோஷ்டி போட்டி போட்டுது. உள்ளே தங்கியிருந்த ஒருத்தர் லாட்டரியில எனக்கு விழுந்ததுங்கிறார். ஜார்ஜியா காவல்படைத் தளபதி தன் தம்பிக்கு வேணுங்கிறார். சண்டை முத்தி, மாடியில இருக்கிறவரை வெளியேத்த புகையுற கட்டையைப் படிக்கட்டுல தூக்கிப் போட்டாங்க. ஜோசப் வேன் குடும்பத்தோட குளிர்ல வெளியேறினார். அந்த வீடு இன்னைக்கும் நிக்குது, மியூசியமா இருக்கு. அந்த நெருப்போட தழும்பை மரப்பலகையில இன்னும் காட்டுறாங்க. அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஆளுங்க அட்லாண்டாவுல இருந்து காரை எடுத்துக்கிட்டு ஒரு தடவை போய்ப் பாருங்க.

கோர்ட்டுக்குப் போகலையான்னு கேட்பீங்க. போனாங்க, அவங்க பூமியில இருந்த ஒரு மிஷனரியோட வழக்குல ஜெயிச்சாங்க! 1832 மார்ச் 3, அமெரிக்க உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்: செரோக்கி பூமியில ஜார்ஜியா சட்டம் செல்லாது. "மார்ஷல் தீர்ப்பு சொல்லிட்டார், அவரே அமல்படுத்திக்கட்டும்"னு ஜனாதிபதி ஜாக்சன் சொன்னதா ஒரு வாக்கியம் சுத்துது. அவர் சொன்னதுக்கு ஆதாரம் கிடையாது, பகிராதீங்க. நடந்தது அதைவிட மோசம். தீர்ப்பு வந்து ஏழே மாசத்துல குலுக்கல் டிரம் சுத்த ஆரம்பிச்சுது. வாஷிங்டன் தடுக்கவே இல்ல.

இதுக்கு முன்னாடி, பூர்வகுடிகளை மேற்குப் பக்கம் அனுப்ப 1830ல வந்த வெளியேற்றச் சட்டம் பிரதிநிதிகள் சபையில 102க்கு 97ன்னு நிறைவேறுச்சு. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்ல ஒருத்தர் யார் தெரியுமா? டேவி கிராக்கெட்! கரடி வேட்டை, ரோமத் தொப்பின்னு எல்லைப்புற வீரக் கதைகளுக்கே அடையாளமான ஆள். டென்னசி உறுப்பினரா இருந்து சொந்த மாநிலத்துக்காரரான ஜாக்சனுக்கு எதிரா நின்னார். 1831 தேர்தல்ல தோத்தார். அவர் தொப்பியை ஞாபகம் வெச்சிருக்கிற உலகம் அந்த ஓட்டை மறந்துடுச்சு, அதுதான் எனக்கு ஆத்திரம்.

1835 டிசம்பர்ல செரோக்கிகள்ல ஒரு சின்னக் குழு, 50 லட்சம் டாலருக்கு மிச்ச நிலத்தைக் கொடுத்துட்டு மேற்கே போறதா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுது. 15,000 பேருக்கு மேல எதிர்த்து மனு கொடுத்தும், செனட்டுல அது நிறைவேறுச்சு. மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், ஒரே ஒரு ஓட்டு குறைஞ்சிருந்தாலும் தோத்திருக்கும். 1838ல சுமார் 7,000 படைவீரர்கள் வந்து வீடு வீடா ஆளுங்களை இழுத்து முகாம்ல அடைச்சாங்க. அப்புறம் குளிர்காலத்துல 1,000 மைல் தூரத்துல இருக்கிற இன்னைய ஓக்லஹோமாவுக்கு. சுமார் 16,000 பேர்ல 4,000 பேர் வரைக்கும் செத்துப்போனாங்கன்னு மதிப்பிடறாங்க. ஜான் ராஸோட மனைவி குவாட்டியும் வழியில இறந்தாங்க. அடிமைகளும் அதே பாதையில நடந்தாங்க. அதே 1838ல, அவங்க விட்டுப்போன தங்க பூமியில அமெரிக்க அரசு நாணயச் சாலை திறந்துச்சு.

[திரை: 1893, சிகாகோ]

1893 ஜூலை 12, சிகாகோ உலகக் கண்காட்சி. டர்னர்ங்கிற இளம் வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை படிக்கிறார்: காலி நிலத்தை நோக்கி நகர்ந்ததுதான் அமெரிக்காவை அமெரிக்கா ஆக்குச்சு, அந்த எல்லைப்புறம் இப்போ முடிஞ்சுபோச்சு. கண்காட்சி வாசல் பக்கத்துலயே, கௌபாய் காட்சிகளுக்குப் பேர்போன பஃபலோ பில் குதிரைக் காட்சி நடத்திக்கிட்டு இருந்தார். ரெண்டு மாசம் கழிச்சு, செப்டம்பர் 16, மத்தியானம் 12 மணி. துப்பாக்கி வெடிக்குது, ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்க குதிரையிலயும் வண்டியிலயும் ஓடறாங்க. முதல்ல கொடி நட்டவனுக்கு நிலம். 60 லட்சம் ஏக்கருக்கு மேல. அது யாரோட நிலம்? மறுபடியும் செரோக்கி. ஓக்லஹோமாவுல அவங்களுக்கு எழுதிக் கொடுத்த புல்வெளி அது. மாட்டுப் பண்ணைக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டு வருமானம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. 1890ல ஜனாதிபதி மாடுகளை வெளியேத்தச் சொல்லி உத்தரவு போட்டார், வருமானம் நின்னுது, வேற வழியில்லாம வித்தாங்க. முதல் தடவை லாட்டரி, ரெண்டாவது தடவை குதிரைப் பந்தயம். பந்தயத்தைப் பத்தி படம் எடுத்தா விறுவிறுப்பா இருக்கும்தான். அந்த உத்தரவு எங்கேயும் வராது.

செரோக்கி நாடு இன்னைக்கும் இருக்கு. டாலெக்வா தலைநகரம், நாலரை லட்சத்துக்கும் மேல குடிமக்கள், சிகோயா எழுத்து போன் கீபோர்டு வரைக்கும் வந்துடுச்சு. 1835ல அவங்க தலையில கட்டின அதே ஒப்பந்தத்தை எடுத்து வெச்சுக்கிட்டு இப்போ அவங்க கேள்வி கேக்கறாங்க. அதோட ஏழாவது பிரிவுல, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில செரோக்கி நாட்டுக்கு ஒரு பிரதிநிதி இருக்கலாம்னு எழுதியிருக்கு. 2019ல கிம் டீஹீங்கிற பெண்ணை அந்த இடத்துக்கு அறிவிச்சாங்க. 2022 நவம்பர்ல சபைக் குழு விசாரணையும் நடத்துச்சு. இருக்கை இன்னும் கொடுக்கல. ஒப்பந்தத்துல அமெரிக்காவுக்குச் சாதகமான பகுதி மூணே வருஷத்துல அமலாச்சு. இந்தப் பகுதியை எத்தனை வருஷத்துல அமல்படுத்தணும்னு நீங்க நினைக்கிறீங்க? கமெண்ட்ல எழுதுங்க, எல்லாத்தையும் படிப்பேன்.