குடும்ப நகைச்சுவைப் படங்களில் பன்முகத்தன்மை: நேயர் கேள்விக்கு விளக்கம்

அமெரிக்க, பிரிட்டிஷ் குடும்ப நகைச்சுவைப் படங்களில் இப்போது பல இனத்தவரும் இடம்பெறுகிறார்களே, இது உண்மையான மாற்றமா, அல்லது குறை சொல்லப்படக் கூடாது என்பதற்காகச் சேர்ப்பதா என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். திரையில் எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது என்பதே என் கருத்து. சிரிப்பு எதிலிருந்து பிறக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

1984இல் வந்த ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ படத்தில் லாங் டுக் டாங் என்ற ஆசிய மாணவன் வருகிறான். ஆள் இருக்கிறான், ஆனால் அவன் பெயரும் பேச்சும் நடத்தையுமே சிரிப்புக்கான பொருள்கள். அவன் வரும்போது பின்னணியில் சேகண்டி ஒலிக்கிறது. அவனுடைய ஊர், வீடு, ஏக்கம் எதிலும் அந்தப் படத்துக்கு அக்கறை இல்லை.

இதற்கு மாறாக, 2002இல் வெளிவந்த ‘பெண்ட் இட் லைக் பெக்காம்’ படத்தைப் பாருங்கள். இயக்குநர் குரிந்தர் சாதா நைரோபியில் பிறந்து, லண்டனில் பஞ்சாபியர் நிறைந்த சவுத்ஹால் பகுதியில் வளர்ந்தவர். ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே வாழும் சீக்கியக் குடும்பத்தின் இளைய மகள் ஜெஸ், வீட்டுக்குத் தெரியாமல் கால்பந்து ஆடுகிறாள். தாய் அவளுக்குச் சமையல் கற்றுக்கொடுக்கப் பாடுபடுகிறார். அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அது எந்த வீட்டிலும் தாய்க்கும் மகளுக்கும் இடையே நடக்கும் இழுபறியைப் பார்த்து வரும் சிரிப்பு. அவர்களுடைய நிறத்தையோ உடையையோ பார்த்து வருவதன்று.

அனுபம் கேர் ஏற்ற தந்தை பாத்திரத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கண்டிப்பான ஆசியத் தகப்பன் என்ற பழகிய அச்சில் அவரை வார்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இளமையில் நைரோபியில் சிறந்த வேகப்பந்து வீச்சாளராக இருந்த அவர், இங்கிலாந்துக்கு வந்தபின் தலைப்பாகைக்காகக் கேலி செய்யப்பட்டு, கிரிக்கெட் மன்றங்களால் ஒதுக்கப்பட்டவர் என்று படம் நமக்குச் சொல்கிறது. தான் பட்ட அவமானம் மகளுக்கும் நேரக் கூடாது என்ற அச்சமே அவருடைய மறுப்பின் வேர் என்று தெரிந்த பிறகு, அவரை வில்லனாகப் பார்க்க நம்மால் முடிவதில்லை. வேடிக்கைக்கு இடையே ஒரு மனிதருக்கு இவ்வளவு பின்புலத்தைத் தருவதைத்தான் நான் பிரதிநிதித்துவம் என்பேன்.

வெள்ளைக்காரக் குடும்பமும் இந்தச் சிரிப்பிலிருந்து தப்புவதில்லை. ஜெஸ்ஸின் தோழி ஜூல்ஸின் தாய், மகள் விளையாட்டுப் பித்தாகத் திரிவதைக் கண்டு பதறுகிற பதற்றம் பஞ்சாபித் தாயின் பதற்றத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததன்று. இரண்டு வீடுகளும் ஒரே தராசில் நிறுத்தப்படுகின்றன.

ஆனாலும் அந்தப் படத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஜெஸ்ஸின் நண்பன் டோனி தன்பால் ஈர்ப்புள்ளவன். அதை அவளிடம் மட்டுமே சொல்கிறான். அவள் விரும்பியபடி படிக்கப் போக வேண்டும் என்பதற்காக, அவளை மணக்கப்போவதாக அவள் வீட்டாரிடம் பொய்கூடச் சொல்கிறான். இப்படி அவளுக்கு உதவ முன்வருகிற அவனுடைய சொந்தச் சிக்கல் என்னவாயிற்று என்று படம் திரும்பிப் பார்க்கவே இல்லை. தந்தைக்குக் கிடைத்தது போன்ற ஒரே ஒரு காட்சி அவனுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.