சோக்கைத் தள்ளினால் செத்துப்போகும் டாட்சன்: 480 வெள்ளியா, 60 காசா?

வணக்கம். பின்னால் மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்ததுமே புரிந்திருக்கும், இன்றைக்கும் நம் பழைய டாட்சன் 120ஒய் கார்தான். மீன் குழம்பு வீடியோ அடுத்த வாரம். இன்றைக்குக் குழம்பு வைக்கும் மனநிலையில் நான் இல்லை.

480 வெள்ளி! முதலில் இதைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு எதுவும் வாயில் வராது. போன வாரம் ஒரு பட்டறைக்குப் போன் செய்தேன். எந்தப் பட்டறை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். "வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஆனா நின்னு..." என்று நான் முடிப்பதற்குள், "கார்புரேட்டர் ஓவர்ஹால், 480" என்று பதில் வந்துவிட்டது. அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற பாகத்தை முழுசாகப் பிரித்துச் சீர்செய்வது. பானெட்டைத் திறக்கவில்லை, சத்தத்தைக் கேட்கவில்லை. நாடி பிடிக்காமல் போனிலேயே வயிற்றைக் கிழிக்கிற வைத்தியம்.

சரி, நோய் என்னவென்றால், சோக்கை, அதாவது ஆறிய இஞ்சின் பிடிக்கக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிற குமிழை, இழுத்துச் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்ளும். ராஜா மாதிரி ஓடும். சோக்கை உள்ளே தள்ளியதும் இரண்டு இருமல். அவ்வளவுதான், மயான அமைதி.

நம் கோப்பிக்கடை மாமாவிடம் சொன்னேன். சீட் உறை வீடியோவில் என்னைத் திட்டினாரே, அவரேதான். கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நிக்குது நிக்குதுங்கிறியே, எப்போ நிக்குது?"

அந்த "எப்போ"வில்தான் எல்லாம் இருக்கிறது. சாவியிலிருந்து கையை எடுத்த நொடியே அணைந்தால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம், அது மின்சாரக் கோளாறு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது, தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் காயிலுக்கு பேட்டரி மின்சாரம் நேராகப் போகும். சாவி திரும்பி வந்ததும், மின்சாரத்தைக் குறைத்துவிடுகிற பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகத்தான் போகும். அந்த ரெசிஸ்டர் அறுந்திருந்தால் வண்டி பிடிக்கும், கையை விட்டதும் அணையும். அதுவே கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டு மூச்சுத் திணறினால், எண்ணெய், அதாவது பெட்ரோல், வந்து சேரவில்லை என்று பொருள். பம்ப், ஃபில்டர், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற ஃப்ளோட் ஊசி என்று அந்தப் பக்கம் தேடணும். என் வண்டியோ சோக்கைத் தள்ளும்போதுதான் நிற்கிறது.

அட, ஒன்றை மறந்துவிட்டேன். மாமாவிடம் கேட்பதற்கு முன்பே 12 வெள்ளிக்கு பெட்ரோல் ஃபில்டர் வாங்கி மாற்றிவிட்டேன். வீண் செலவு. ஏன் வீண் என்று கார்புரேட்டரே சொல்கிறது, இருங்கள், கேமராவைக் கிட்டக் கொண்டுபோகிறேன். இதோ, ஹிட்டாச்சி கார்புரேட்டரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே எண்ணெய் ஆடுவது தெரிகிறதா? மட்டம் குறிக்கு நேராக நிற்கிறது. அப்படியென்றால் பம்பும் சரி, ஃப்ளோட்டும் சரி. இந்தச் சன்னலுக்காகவே இந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழலாம். இப்போது வருகிற கார்களில் பானெட்டைத் திறந்தால் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் நம்மை வரவேற்கிறது. எனக்கு அதைப் பார்த்தாலே ஆகாது.

அப்புறம் இன்னும் இரண்டு சோதனை. பெடலை மிதித்து நிமிடத்துக்கு 2000 சுற்றில் பிடித்தால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. காலை எடுத்தால் சாகிறது. கார்புரேட்டரின் அடிப்பக்கம் சுற்றிலும் கிளீனர் ஸ்ப்ரே அடித்தேன். காற்றுக் கசிவு இருந்தால் அங்கே அடிக்கும்போது இஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை. மிச்சமிருப்பது ஐடிலுக்கு, அதாவது பெடலில் கால் இல்லாதபோது இஞ்சின் மெதுவாக ஓடுவதற்கு, எண்ணெய் கொடுக்கிற பாதை மட்டும்.

உடனே நான் ஜெட்டை, அந்தப் பாதையில் எண்ணெயை அளந்து விடுகிற ஓட்டை போட்ட சின்னப் பித்தளைத் துண்டை, பிடித்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது. சிங்கப்பூரின் கிளாசிக் வண்டித் திட்டத்தில் 35 வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுக்கு 45 நாள்தான் சாலை. மற்ற 320 நாளும் இந்த மூன்றாம் மாடி நிறுத்துமிடத்தில் நின்று தூசி தின்கிறது. உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுவிட்டுப் போகும், ஐடில் ஜெட்டின் ஓட்டையோ மயிரிழை. கழற்றி, நம் பழைய மைலோ டின்னில் கிளீனர் ஊற்றி ஊறப்போட்டேன். தயவுசெய்து கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்று இருக்கும், ஓட்டை பெரிதாகிவிட்டால் கலவை கெட்டுவிடும். சைக்கிள் பம்பால் ஊதினேன். இரண்டு மணி நேரம், சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை. மாட்டினேன். ஸ்டார்ட். சோக்கைத் தள்ளினேன்.

இரண்டு இருமல்.

மாமாவுக்குப் போன் போட்டேன். "டிக்குன்னு கேட்டுச்சா?" என்றார். எது? "சொலினாய்டுடா!" ஆமாம், மறந்தே போய்விட்டது. கார்புரேட்டரில் ஒற்றை வயரோடு ஒரு சின்ன உருளை இருக்கிறதே, அதுதான். சாவியை ஆஃப் செய்ததும் ஐடில் எண்ணெயை அடைப்பது அதன் வேலை. வயரில் மின்சாரம் வராவிட்டாலும் அடைத்தபடியே இருக்கும். சாவியை ஆன் செய்து வயரைக் கழற்றி மறுபடி தொட்டால் "டிக்" என்று கேட்கணும். கேட்கவில்லை. பேட்டரியிலிருந்து தனியாக ஒரு வயரைக் கொண்டுவந்து தொட்டேன். டிக்! உருளைக்கு உயிர் இருக்கிறது, வயருக்குத்தான் இல்லை.

இனிமேல் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அந்த வயரின் கனெக்டர் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே பச்சைப் பாசி மாதிரி அரிப்பு, நம் ஊர்ப் புழுக்கம் அப்படி. டேப் சுற்றியது யார்? போன வருடம் "வயரிங் சுத்தம்" வீடியோவில் நான்தான். "என்ன நேர்த்தி அண்ணே" என்று எழுதியவர்கள் கருத்தை அழித்துவிடுங்கள்.

புதுக் கனெக்டர் 60 காசு. ஆனால் ஒன்றாகத் தர மாட்டார்களாம், பத்து கொண்ட பாக்கெட்தான், 6 வெள்ளி. இப்போது எனக்கு ஆன செலவு 60 காசா, 6 வெள்ளியா? நான் 60 காசு என்றுதான் சொல்வேன், மிச்சம் ஒன்பதும் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. மனைவி 18 வெள்ளி என்கிறார், அந்த ஃபில்டரையும் சேர்த்து.

இதோ, சோக் முழுக்க உள்ளே. கால் பெடலில் இல்லை. 700 சுற்றுக்கிட்ட, கேளுங்கள்... என்ன சுகம்! ஆனால் இந்த ஊரில் நிற்கிற வண்டியில் இஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் அபராதம். மூன்று வாரம் போராடி ஐடிலில் நிற்க வைத்திருக்கிறேன், நானே அணைக்கணும். இன்னும் பத்தே விநாடி. யாரும் வரவில்லையே?

சரி, சரி, யாரோ படியேறி வருகிறார்கள். அணைத்துவிட்டேன்.