உப்புத் தரையில் பழைய எஞ்சின்கள்
(சால்ட் லேக் சிட்டியில் நடந்த தமிழர் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து உட்காரக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் செயலாளர் அம்மா அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய இதய மருத்துவர் ஐயா வால்வுகளைப் பற்றி அருமையாகச் சொன்னார். நானும் வால்வு பற்றித்தான் பேசப்போகிறேன். என்னுடையதை ஸ்பேனர் வைத்துக் கழற்றலாம், அவ்வளவுதான். நேரம் கொடுத்த தலைவர் ஐயாவுக்கும், அவர் கையில் இருக்கும் மணிக்கும் என் வணக்கம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இங்கே உப்பிட்டது யார்? நாம் இருக்கும் இந்த ஊருக்கு மேற்கே 110 மைல் தொலைவில், வெண்டோவர் பக்கத்தில் கிடக்கும் பான்வில் உப்புத் தரைதான். ஐ-80 சாலையில் போகும்போது இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் இந்த அரங்கில் இருக்காது. அதே தரையில்தான் 1949 முதல் ஆகஸ்ட் மாதங்களில் 'ஸ்பீட் வீக்' என்ற வேகப் போட்டி நடக்கிறது. இதில் பக்கத்தில் ஓடும் வண்டியோடு போட்டி கிடையாது, கடிகாரத்தோடுதான் போட்டி. ஒருமுறை வேகமாக ஓடிவிட்டால் சாதனை ஆகிவிடாது. மறுபடியும் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டு ஓட்டத்தின் சராசரிதான் ஏட்டில் ஏறும்.

அங்கே பழைய எஞ்சின்களுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. சைடு வால்வு எஞ்சின், ஓவர்ஹெட் வால்வு எஞ்சின், விமான எஞ்சின் என்று மூன்று வகையையும் ஒப்பிடுவதாகத் தலைப்புக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

முதலில் சைடு வால்வு. 1932-ல் ஃபோர்டு கொண்டுவந்த வி-8 எஞ்சினைத்தான், அதாவது எட்டு சிலிண்டர் V வடிவில் நிற்கும் எஞ்சினைத்தான், 'பிளாட்ஹெட்' என்பார்கள். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வால்வு என்பது காற்றை உள்ளே விட்டு, புகையை வெளியே விடும் கதவு. அதில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, எஞ்சினின் உடம்பான பிளாக்குக்குள் நிற்கும். மேலே மூடும் ஹெட் சும்மா ஒரு தட்டை மூடி. செய்ய மலிவு, பிரிக்கச் சுலபம். சாதாரணக் குடும்பமும் வி-8 ஓட்டியது அதனால்தான். ஆனால் ஒரு தொல்லை. எரிந்த புகை வெளியே போக வேண்டுமானால் பிளாக்கின் வயிற்றுக்குள் நுழைந்து, தண்ணீர் ஓடும் இடத்தைச் சூடாக்கிவிட்டுத்தான் போகும். அதிலும் ஒவ்வொரு பக்கமும் நடுவிலிருக்கும் இரண்டு சிலிண்டர்களுக்குப் புகை போக ஒரே வாசல். முடுக்க முடுக்கக் கொதிக்கும். வால்வு உட்காரும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே மெல்லிய விரிசல் விழும். பழைய பிளாக் வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இந்தச் சூட்டுக்கு மருந்தாக 1940-களில் சோரா ஆர்க்கஸ் டன்டோவ் என்பவர் தம்பியோடு சேர்ந்து 'ஆர்டன்' ஹெட்டைச் செய்தார். வால்வுகள் மேலே போயின, சுவாசம் சீரானது. பின்னாளில் கார்வெட் காரை வளர்த்தெடுத்தவரும் இவரே. பான்வில்லில் இப்படி ஹெட் மாற்றிய பிளாட்ஹெட்டுக்குத் தனிப் பிரிவு, மாற்றாததற்குத் தனிப் பிரிவு. நியாயம்தானே? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தரை கடல் மட்டத்திலிருந்து 4,200 அடி உயரம். காற்று மெலிது. வண்டியை எதிர்க்கும் காற்று குறையும், எஞ்சின் இழுக்கும் காற்றும் குறையும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இல்லாதவர் பாடு திண்டாட்டம்.

இந்த இடத்தில் பர்ட் மன்ரோவைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்றொரு ஊர். அங்கே 1920-ல் ஒரு 'இந்தியன் ஸ்கவுட்' மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். 600 சிசி, சைடு வால்வு, மணிக்கு 55 மைல். வேறு யாராவது என்றால் துடைத்து ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் விடவில்லை. பழைய தகர டப்பாவை அச்சாக வைத்து, தானே அலுமினியத்தை உருக்கி ஊற்றி பிஸ்டன் செய்தார். டிராக்டர் அச்சுத்தண்டை அறுத்து, ராவி ராவி, பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு செய்தார். சைடு வால்வு எஞ்சினை ஓவர்ஹெட் வால்வு எஞ்சினாக மாற்றினார். எல்லாம் ஒரு கொட்டகைக்குள். உடைந்தவற்றை எறிந்தாரா? இல்லை. அலமாரியில் வரிசையாக அடுக்கி, 'வேக தெய்வத்துக்குக் காணிக்கை' என்று எழுதி வைத்தார். (கைத்தட்டல்) தட்டுங்கள், நம் ஊர் ஆயுத பூஜையில் ஸ்பேனருக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் மெக்கானிக்குக்கு அந்த அலமாரியை விளக்கவே வேண்டாம்.

இந்த மனிதர் 1962-ல், அறுபது வயது தாண்டியபின், பெருங்கடல் தாண்டி நம்முடைய உப்புக்கு வருகிறார். வந்த அந்த ஆண்டே அவருடைய எஞ்சின் பிரிவில் சாதனை. 1967-ல் வயது 68, எஞ்சினுக்கு வயது 47. இரண்டு ஓட்டத்தின் சராசரி மணிக்கு 183.586 மைல் என்று எழுதினார்கள். கதை அதோடு முடியவில்லை. அவர் 1978-ல் காலமாகிவிட்டார். பல ஆண்டு கழித்து, கணக்கில் பிழை இருக்கிறது என்று அவர் மகன் கண்டுபிடித்துச் சொல்ல, 2014-ல் 184.087 என்று திருத்தினார்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்போம். இவர் செத்த பிறகும் அரை மைல் வேகம் கூட்டினார்!

மணி அடித்துவிட்டார் தலைவர் ஐயா. சரி. ஓவர்ஹெட்டின் பெருமையை மன்ரோவே காட்டிவிட்டார். விமான எஞ்சினுக்கு இரண்டே வரி. 1935 செப்டம்பர் 3 அன்று மால்கம் கேம்பல் 36.7 லிட்டர் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினோடு இதே உப்பில் மணிக்கு 301 மைலைத் தொட்டார். 1947-ல் ஜான் காப் இரண்டு நேப்பியர் லயன் எஞ்சின்களோடு 394. முதலாம் உலகப்போர்க் காலத்தில் பிறந்த எஞ்சின் அது. எது சிறந்தது என்று கேட்காதீர்கள். என் வோட்டு கொதிக்கிற பிளாட்ஹெட்டுக்குத்தான்.

ஆனால் எந்த எஞ்சினுக்கும் ஓடத் தரை வேண்டுமே? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான். 2014-ல் தண்ணீர் தேங்கி ஸ்பீட் வீக் ரத்து. 2015-ல் ஓடத் தக்க நீளத்துக்கு நல்ல உப்பே இல்லை என்று மறுபடி ரத்து. ஒருகாலத்தில் பதின்மூன்று மைல் ஓடிய பாதை சுருங்கிவிட்டது. நெடுஞ்சாலைக்குத் தெற்கே, உரத்துக்குப் பயன்படும் பொட்டாஷ் எடுக்கக் கால்வாய் வெட்டி உப்புநீரை இழுக்கிறார்கள். 1997 முதல் சில ஆண்டுகள் உப்புநீரைத் திரும்ப இறைத்தும் பார்த்தார்கள். தரை மெலிவதற்குச் சுரங்கம் மட்டும்தான் காரணமா என்று விஞ்ஞானிகள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், வாதாடட்டும். எடுத்த உப்பைத் திருப்பிக் கொடு என்று கேட்க எனக்கு ஆய்வுப் பட்டம் தேவையில்லை.

நான்கு சிலிண்டர் எஞ்சின்களைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்று முன்வரிசைத் தம்பி கேட்கிறார். அப்புறம் வா தம்பி, சாப்பிடும்போது சொல்கிறேன். வெளியே செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் மனு இருக்கிறது. நில நிர்வாகத் துறைக்கும் நம் செனட்டர்களுக்கும் போகப்போவது. பெயர், அஞ்சல் குறியீட்டு எண், கையெழுத்து, மூன்றுதான் வேண்டும். பேனாவை மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.