சென்னையை விட்டு லிஃப்டில் கிளம்ப எங்கே நிற்பது? | பரனூர் டோலிலிருந்து

வணக்கம் மக்களே. பின்னால் லாரி சத்தம் பலமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கைச் சட்டைக் காலரில்தான் குத்தியிருக்கிறேன், ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டை, அதாவது சென்னை–திருச்சி ஹைவேயை, எந்த மைக்கும் அடக்காது. பரனூர் டோலைத் தாண்டி, செங்கல்பட்டுப் பக்கம் நிற்கிறேன். இன்னும் வெயில் ஏறவில்லை.

நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்: "நாங்கள் கை காட்டினால் யாரும் நிறுத்துவதில்லையே, உங்களுக்கு மட்டும் எப்படி?" முகராசியெல்லாம் ஒன்றும் இல்லை. நிற்கிற இடம்தான். அதுவும் ஊரை விட்டு வெளியே வருகிற அந்த முதல் வண்டிக்கு எங்கே நிற்கிறோம் என்பதுதான் எல்லாமே. நடுவழியில் லிஃப்ட் கிடைப்பது எளிது. சென்னையை விட்டு வெளியே வருவதுதான் பாடு.

ஏன் என்று பார்ப்போம். கிண்டியில் நின்று கை காட்டுகிறீர்கள். உங்களைக் கடக்கிற வண்டியில் பெரும்பாலானவை பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் போகிறவை. அவர் நிறுத்தினாலும் உங்களுக்குப் பயனில்லை. தாம்பரம் தாண்டினால் பெருங்களத்தூரில் பைபாஸ் வண்டிகள் வந்து சேரும். வண்டலூரில் ஒரு கூட்டம் கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பும், இன்னொரு கூட்டம் அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறும். கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் எல்லாம் கம்பெனி வண்டிகள். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் போகிறவர்கள் கழன்றுகொள்வார்கள். மகிந்திரா சிட்டியில் ஐ.டி. ஆட்கள். இத்தனையும் உதிர்ந்த பிறகு மிஞ்சுகிறவர்கள்தான் இந்த டோலுக்குக் காசு கட்டி வருகிறார்கள். நமக்கு வேண்டியவர்களும் அவர்கள்தான். அவர்களை ஊர் நெரிசலுக்குள் நின்று தேடுவதை விட, மற்ற எல்லாரும் கழன்ற இடத்தில் வந்து நின்றுகொள்வது புத்திசாலித்தனம்.

அதற்கு லிஃப்டே வேண்டாம். பீச்சிலிருந்து செங்கல்பட்டு போகிற மின்சார ரயிலில் ஏறுங்கள், பரனூர் ஸ்டேஷனில் இறங்குங்கள், ரோட்டுக்கு வந்து தெற்கே நடங்கள். டிக்கெட் ஒரு டீ, வடைக் காசுகூட ஆகாது. "லிஃப்டில்தான் போவேன், டிக்கெட் எடுக்க மாட்டேன்" என்று சில பேர் வைராக்கியமாக வீட்டு வாசலிலிருந்தே கை காட்டுகிறார்கள். அந்த வைராக்கியம் விக்கிரவாண்டியில் இருக்கட்டும், கிண்டியில் வேண்டாம்.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கலாமா என்று கேட்டீர்கள். 2023 டிசம்பர் கடைசியில் அதைத் திறந்ததிலிருந்து தென் மாவட்டக் கூட்டம் எல்லாம் அங்கேதான். ஆனால் லிஃப்டுக்கு அது மோசமான இடம். பஸ் ஸ்டாப்பில் பையோடு நிற்கிற ஆள் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறான் என்று காரில் போகிறவர் நினைப்பார். வாடகைக் காரும் வேனும் மட்டும் உங்களைப் பார்த்து "விழுப்புரம், திருச்சி" என்று கூவிக்கொண்டு நிறுத்தும். தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற வண்டிகள் அவை. மஞ்சள் போர்டு நின்றால் ஏறுவதற்கு முன்பே "காசு தர முடியாதுண்ணே, லிஃப்ட்தான்" என்று சொல்லிவிடுங்கள். இறங்குகிற இடத்தில் சண்டை போடுவது கேவலம்.

சரி, டோலுக்கு வந்துவிட்டோம். டோலில் எங்கே நிற்பது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஃபாஸ்டேக் வருவதற்கு முன்னால் வேறு கதை. வண்டி வரிசையில் நிற்கும், கண்ணாடி இறங்கும், சில்லறைக்குக் காத்திருப்பார், ஜன்னல் ஓரமாகப் போய் "அண்ணே, திண்டிவனம்?" என்று கேட்கலாம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது, அந்த ஜன்னல்கள் மூடிக்கொண்டன. இப்போது ஸ்கேனர் படிக்கிறது, கட்டை தூக்குகிறது, வண்டி போய்விடுகிறது. பூத் பக்கத்தில் நின்றால் ஊழியர் விரட்டுவார். விரட்டத்தான் வேண்டும், வண்டிகளுக்கு நடுவே ஆள் நிற்பது ஆபத்து.

அதனால் பூத்தைத் தாண்டி வாருங்கள். இப்போது கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். அத்தனை வரிசையும் இங்கே வந்து மறுபடி குறுகுகிறது. வண்டி இன்னும் வேகம் எடுக்கவில்லை. இடது பக்கம் அகலமாகத் தார் போட்ட இடம் இருக்கிறது, லாரிகள் ஓரம் கட்டியிருக்கின்றன, பின்னால் வருகிறவனுக்குத் தொந்தரவு இல்லாமல் ஒரு கார் ஒதுங்கலாம். ஓட்டுகிறவருக்கு உங்களைப் பார்க்க நேரம் வேண்டும், யோசிக்க நேரம் வேண்டும், நிறுத்த இடம் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நல்ல மனசுக்காரர்கூடப் போய்விடுவார். மேம்பாலம் இறங்குகிற இடம், வளைவு, தடுப்புக் கம்பி ஒட்டிய இடம் எல்லாம் இதனால்தான் வேலைக்கு ஆகாது.

ஒரு குறுக்குவழி சொல்கிறேன். புது ஊரில் எங்கே நிற்பது என்று தெரியவில்லையா? வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா, வேர்க்கடலை விற்கிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். வண்டி எங்கே மெதுவாகும், எங்கே கண்ணாடி இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த மாதிரி எந்த மேப்புக்கும் தெரியாது. அவர்களுக்குப் பத்தடி தள்ளி நில்லுங்கள். முன்னால் போய் மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. பரனூரில் எந்த ஓரம் தேவலை என்று எனக்குக் காட்டியது ஒரு கொய்யாக்கார அக்காதான்.

அடுத்து, நம்பர் பிளேட் படிக்கப் பழகுங்கள். டிஎன் 19 செங்கல்பட்டு, பெரும்பாலும் பக்கத்திலேயே திரும்பிவிடும். டிஎன் 16 திண்டிவனம், 32 விழுப்புரம், 45 திருச்சி, 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில். பிஒய் என்றால் புதுச்சேரி. காலையில் தெற்கே பார்த்துப் போகிற 45, சொந்த ஊருக்குத் திரும்புகிறது என்று நம்பலாம். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கை ஆட்டுங்கள்!

கையை எப்படி ஆட்டுவது? கட்டை விரலைத் தூக்கி நிற்காதீர்கள். வெளிநாட்டில் அது வழக்கம். நம்மூரில் ஓட்டுகிறவர் "சூப்பர்" என்று சொல்கிறீர்கள் என்று நினைத்து, பதிலுக்கு அவரும் விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்த்து, மெதுவாக மேலும் கீழும். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. அட்டையில் ஊர் பெயர் எழுதினால் தமிழில் பெரிதாக "திண்டிவனம்" என்று எழுதுங்கள். போகிற இடம் நாகர்கோவிலாக இருந்தாலும் பரவாயில்லை. நாகர்கோவில் என்று பார்த்தால் விழுப்புரம் போகிறவர் "நம்ம வழி இல்லை" என்று தாண்டிவிடுவார்.

அப்புறம் ஹெல்மெட். இதை யாரும் சொல்வதில்லை. டோலில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, ஓரத்துச் சின்ன வழியில் ஊர்ந்து வரும், நீங்கள் நிற்கிற பக்கமே வெளியே வரும். தனியாக வருகிற பைக்காரர் உதவத் தயாராக இருப்பார், ஆனால் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 2022 மே மாதத்திலிருந்து சென்னை போலீஸ் அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். கையில் ஹெல்மெட்டோடு நிற்கிற ஆளை ஏற்ற அவருக்குத் தயக்கம் இருக்காது. எனக்கும் தலை பத்திரம். பையில் தொங்கவிட்டால் பாரம்தான், இருந்தாலும் நான் விட்டுவிட்டு வருவதில்லை.

கை காட்டக் கூச்சமாக இருந்தால் இன்னொரு வழி, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஹைவே பெட்ரோல் பங்க். பெட்ரோல் போடுகிற இடத்தில் கேட்காதீர்கள், அங்கே அவசரம். காற்றடிக்கிற இடத்துக்குப் போங்கள். வண்டிக்காரர் கீழே இறங்கிச் சும்மா நிற்பார். ஆளைப் பார்க்கலாம், பேசலாம், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். "எதுவரைக்கும் போறீங்க?" என்று மட்டும் முதலில் கேளுங்கள், லிஃப்ட் என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் ஊர் பெயரைச் சொன்ன பிறகு, சேர்ந்து போவதா வேண்டாமா என்று உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

பெண்கள் தனியாக இப்படிப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தைரியமாகப் போங்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல எனக்கு அருகதை இல்லை. ரோட்டில் ஆணாக நிற்பது வேறு, எனக்கு அது தெரியும். இப்படிப் போகிற தோழிகள் இரண்டு பேர் ரோட்டோரம் கை காட்டுவதே இல்லை. சாப்பாட்டுக் கடையில், குடும்பமாக வந்திருப்பவர்களிடம், முதலில் அந்த அம்மாவிடம் பேசுவார்கள். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து, அவர் கண் முன்னாலேயே வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் இதைப் பார்த்துத்தான் படம் அனுப்பக் கற்றுக்கொண்டேன். ஆண்களுக்கும் அது நல்லதுதான். இருட்டின பிறகு யாராக இருந்தாலும் நிற்காதீர்கள்.

லாரி பற்றி ஒரு வார்த்தை. லாரிக்காரர்களைப் போல மனசுக்காரர்கள் ரோட்டில் இல்லை. ஆனால் சரக்கு வண்டியில் வெளியாள் ஏற்றுவது சட்டப்படி சிக்கல், மாட்டினால் அபராதம் அவருக்கு. அவர் "ஓனர் திட்டுவார் தம்பி" என்றால் நன்றி சொல்லிவிட்டு விலகுங்கள், கெஞ்சாதீர்கள்.

மற்ற திசைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கணக்கு ஒன்றுதான். பெங்களூரு பக்கம் என்றால் பூந்தமல்லியில் நிற்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் வரை டவுன் பஸ்ஸில் போய், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கம்பெனி வண்டிகள் எல்லாம் கழன்ற பிறகு டோலைத் தாண்டி நில்லுங்கள். ஆந்திரா பக்கம் செங்குன்றத்தில் நின்றால் அரிசி ஆலை லாரிகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டிலிருந்து மின்சார ரயில் கும்மிடிப்பூண்டி வரை போகிறது, அதில் ஏறிவிடுங்கள். ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை சனிக்கிழமை காலையில் நன்றாக இருக்கும், ஆனால் பாதிக் கூட்டம் மாமல்லபுரத்தோடு சரி. ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் ரோடு) வந்து சேருகிற பூஞ்சேரியைத் தாண்டி நின்றால் வருகிறதெல்லாம் புதுச்சேரி.

கடைசியாக இறங்குகிற இடம். ஏறிய சந்தோஷத்தில் இதைக் கேட்க மறந்துவிடுவோம். அவர் அன்பாக "பஸ் ஸ்டாண்டிலேயே விடுறேன் தம்பி" என்பார். வேண்டாம். திண்டிவனம் ஊருக்குள் போய்விட்டால் மறுபடி ஹைவேக்கு வர ஒரு மணி நேரம் போகும், புதுச்சேரி வண்டியும் திருவண்ணாமலை வண்டியும் கலந்து ஓடுகிற இடம் அது. உளுந்தூர்பேட்டையும் அப்படித்தான், சேலம் போகிறவர்கள் அங்கே பிரிவார்கள். டோலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். பரனூருக்கு அடுத்து ஆத்தூர் (சேலம் பக்கத்து ஆத்தூர் இல்லை, திண்டிவனத்துக்கு முன்னால் வருவது), அப்புறம் விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். திருச்சி வரைக்கும் இந்த ஆறு பெயரும் மனப்பாடமாக இருந்தால் போதும். அவர் ஊர் திண்டிவனம் என்றால் திண்டிவனம் வரை போகாமல் ஆத்தூரிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். தூரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த வண்டி சீக்கிரம் கிடைக்கும்.

மதுரை, கோயம்புத்தூரிலிருந்து கிளம்புகிறவர்கள் உங்கள் ஊரில் எந்த இடம் தேவலை என்று கீழே போடுங்கள். பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது, நான் கை காட்டப் போகிறேன்.