எரிவாயு உலை: எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்?

வணக்கம், நேயர்களே. வீட்டிலேயே இரும்பு அடிக்க ஆசைப்பட்டு, புரொப்பேன் வாயுவில் எரியும் உலை கட்டப் புறப்படுகிறவர்கள், என்றைக்காவது ஒரு வாள் அடிப்போம் என்ற நினைப்பில் பெரிதாகவே கட்டிவிடுகிறார்கள். பிறகு ஒரு சின்னக் கொக்கி வளைக்கக்கூட அந்தக் குகை முழுவதையும் சூடாக்க வேண்டியிருக்கிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது உலைக்கும் பொருந்தும்.

உலையின் அளவு என்று நான் சொல்வது வெளித்தகட்டின் அளவை அல்ல. உள்ளே நெருப்பு நிறைகிற வெற்றிடத்தை. காற்றூதி இல்லாமல் தானே காற்றை இழுத்துக்கொள்ளும் பர்னர்கள்தான் வீட்டு உலைகளில் அதிகம். முக்கால் அங்குலக் குழாயில் செய்த அத்தகைய பர்னர் ஒன்று, சுமார் 350 கன அங்குலம், அதாவது ஐந்தரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட இடத்தை, ஒட்டு வேலைக்குத் (இரண்டு இரும்புத் துண்டுகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவதற்கு) தேவையான சூட்டுக்குக் கொண்டுவரும் என்பது உலை கட்டுபவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. அரை அங்குல பர்னருக்கு அதில் பாதிக்கும் குறைவு.

பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய். உட்புறம், சூடு வெளியே போகாமல் தடுக்கும் ஓரங்குல செராமிக் கம்பளி இரண்டு அடுக்கு. சுற்றிலும் 5 சென்டிமீட்டர் போனால் உள்விட்டம் 15. நீளம் 30 என்றால் கொள்ளளவு 5.3 லிட்டர். ஒரு பர்னருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. இப்போது உள்விட்டத்தை 15-இலிருந்து 20 ஆக்குங்கள். கூடியது 5 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். கொள்ளளவோ 9.4 லிட்டருக்குப் போய்விடுகிறது; அதே பர்னர் திணறும். கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிற கணக்கு என்பதால், பலரும் ஏமாறுவது இங்கேதான். இடம் வேண்டும் என்று கம்பளியில் ஓரடுக்கைக் குறைப்பவர்களும் உண்டு. வேண்டாம். சூடு தகட்டுக்குப் போய் வீணாகும்.

நீளத்துக்கு வருவோம். இரும்பைப் பட்டறைக்கல்லில் வைத்ததும் ஆறத் தொடங்கிவிடுகிறது. ஒரு சூட்டில் நீங்கள் அடித்து முடிப்பது பெரும்பாலும் ஒரு சாண் நீளம் இருந்தாலே அதிகம். அதற்கு மேல் காய்ச்சிய பகுதி சும்மா செதில் கட்டி உதிரும். அடிக்காத இடத்திலும் வளைந்து தொல்லை தரும். நீளமான கம்பிக்கு நீளமான உலை தேவையில்லை, பின்புறம் ஒரு சிறு துளை போதும். கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கட்டும். நீண்ட கத்தியைக் கடினமாக்கும்போது மட்டும் முழு நீளமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். அந்த வேலைக்குத் தனி உலை வைத்துக்கொள்வதே என் கட்சி.

வாய் எவ்வளவு அகலம்? வேலைப்பொருளும் குறடும் நுழையும் அளவு. மிச்சத்தைத் தீச்செங்கல் வைத்து மறையுங்கள், ஆனால் முழுக்க அடைத்துவிடாதீர்கள். புகை வெளியேற வழியில்லாமல் போனால் பர்னர் காற்றை இழுக்க முடியாமல் சுடர் கெடும். ஒட்டு வேலைக்குத் தூவும் வெண்காரம் கம்பளியைக் கரைத்துத் தின்னும் என்பதால் தரையில் தீச்செங்கல் பதிப்பார்கள். அதுவும் இடத்தைக் குறைக்கும், கணக்கில் சேருங்கள்.

பெரிய உலை கட்டினால் சிலிண்டரையும் நினைக்க வேண்டும். திரவம் வாயுவாகும்போது தன் வெப்பத்தையே எடுத்துக்கொள்கிறது. சிறிய சிலிண்டரிலிருந்து இரண்டு பர்னருக்கு உறிஞ்சினால், உருளையின் மேல் உறைபனி படியும், அழுத்தம் விழும், உலை மங்கும்.

அளவு எதுவானாலும் சில விஷயங்கள் மாறுவதில்லை. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. திறந்த, காற்றோட்டமான இடத்திலேயே எரியுங்கள். கம்பளியின் இழைகள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசத்தோடு வெட்டி, மேலே உலைப்பூச்சுப் பூசி மூடுங்கள்.

தகடு வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அட்டையை 15 சென்டிமீட்டர் விட்டத்தில் சுருட்டி மேசையில் வையுங்கள். நீங்கள் அடிக்கப்போகும் பொருளைக் குறட்டில் பிடித்து உள்ளே விட்டுப் பாருங்கள். அட்டையில் இடிக்காமல் திருப்ப முடிந்தால் அந்த அளவே போதும், நேயர்களே. வணக்கம்.