பனிக்கும் கடலுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல்

நேயர்களுக்கு வணக்கம்.

துருவப் பனி உருகினால் கடல்மட்டம் உயரும் என்று நாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். இன்று அந்தப் பேச்சைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கடல்மட்டம் மாறினால் பனி என்ன செய்யும்?

மேற்கு அண்டார்க்டிகாவில் வில்லான்ஸ் என்றொரு பனியோடை இருக்கிறது. ஓடை என்றதும் சின்னதாக நினைத்துவிட வேண்டாம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலம், பல நூறு மீட்டர் தடிமன். உள்நாட்டுப் பனியைச் சுமந்துகொண்டு வந்து, கடல்மேல் மிதக்கும் ராஸ் பனித்தட்டில் சேர்க்கிறது. மற்ற பனியோடைகள் நாள் முழுக்க மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். இது அப்படியில்லை. மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பிறகு அரை மணி நேரத்துக்குள் சுமார் அரை மீட்டர் சறுக்கிவிட்டு மறுபடி நின்றுவிடும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை. பனிமேல் ஜிபிஎஸ் கருவிகளை நட்டுவைத்துப் பார்த்தபோதுதான் இது தெரியவந்தது. சறுக்கும் நேரத்தைக் குறித்துப் பார்த்தால், உயர் ஓதம், அதாவது கடல் அன்றாடம் ஏறி இறங்குவதன் உச்சம், கழிந்து சற்று நேரத்தில் ஒன்று, தாழ் ஓதத்துக்குச் சற்று முன்பு இன்னொன்று. நகரும் பனியின் அளவை வைத்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு சறுக்கலும் 7 அளவுள்ள நிலநடுக்கத்துக்கு நிகர். ஆனால் அரை மணி நேரமாக மெதுவாக நடப்பதால், அதன் மேலேயே நின்றிருந்தாலும் காலுக்கு ஒன்றும் தெரியாது. ஏறி இறங்கும் ஓதம் அத்தனை பெரிய பனியை நேரம் பார்த்து ஆட்டிவைக்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது நம்ப முடியாமல் இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

சரி, கடலுக்கு இந்தப் பிடி எங்கிருந்து வந்தது?

கண்டத்தை மூடிக் கிடக்கும் பனிவிரிப்பு தன் எடையாலேயே ஓரங்களை நோக்கி வழிகிறது. கடலுக்குள் இறங்கிய பிறகும் சிறிது தூரம் அடித்தரையில் உட்கார்ந்தபடியே வரும். ஓர் இடத்தில் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும். அந்த எல்லையைத் தரைதட்டும் கோடு என்று சொல்லலாம். கப்பல் தரைதட்டுகிறது என்கிறோமே, அதே சொல்தான். பனி தண்ணீரைவிட லேசு. அதனால் 1,000 மீட்டர் தடிமனான பனியை மிதக்கவைக்கக் கிட்டத்தட்ட 890 மீட்டர் ஆழமுள்ள கடல்நீர் வேண்டும். ஆழம் அதற்குக் கொஞ்சம் குறைந்தால் பனி தரையில் உட்காரும், கூடினால் மிதக்கும். கடல்மட்டம் ஏறினால், இதுவரை மயிரிழையில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த பனி மிதக்க ஆரம்பிக்கிறது, கோடு உள்நாட்டுப் பக்கம் நகர்கிறது. தரையோடு இருந்த உராய்வு போனதும் பின்னால் வரும் பனி வேகமெடுக்கிறது.

அடித்தரை உள்ளே போகப் போக மேடாக இருந்தால் கோடு ஓரிடத்தில் நின்றுவிடும். மேற்கு அண்டார்க்டிகாவில் பெரும்பகுதி நேர்மாறு. பனிக்கு அடியில் தரை உள்நாட்டை நோக்கிச் சரிந்துகொண்டே போகிறது. சில இடங்களில் கடல்மட்டத்துக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே. கோடு பின்வாங்கப் பின்வாங்க ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால் அங்கே பனியின் தடிமனும் கூடும், வெளியேறும் பனியும் கூடும். பனியின் ஓட்டத்தை ஆராய்ந்த வீர்ட்மன் 1974-இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். 1978-இல் பனியாற்று ஆய்வாளர் ஜான் மெர்சர், கரியமில வாயுவால் உலகம் சூடானால் முதலில் ஆட்டம் காணக்கூடியது மேற்கு அண்டார்க்டிகாதான் என்று எச்சரித்தார்.

இப்போது பின்னோக்கிப் போவோம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், வட அமெரிக்காவும் வட ஐரோப்பாவும் பனிக்கு அடியில் இருந்தன. அவ்வளவு தண்ணீரும் நிலத்தின்மேல் ஏறிக்கொண்டதால் கடல் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. தெற்கே என்ன ஆனது தெரியுமா? கடல் இறங்கியதும் மிதந்துகொண்டிருந்த பனி தரையில் உட்கார்ந்தது. ராஸ் கடலில் தரைதட்டும் கோடு இன்றைய இடத்திலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் முன்னேறிக் கண்டத்திட்டின், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின், விளிம்பருகே வந்துவிட்டது. பிறகு வடக்குப் பனி உருகக் கடல் ஏறியது, தெற்குப் பனி தரையிலிருந்து கிளம்பிப் பின்வாங்கியது. பூமியின் ஒரு கோடியில் உருகிய பனி மறுகோடியில் இருக்கும் பனியை அசைக்கிறது, நடுவில் தூது போவது கடல்மட்டம். நடாலியா கோமெஸும் சக ஆய்வாளர்களும் 2020-இல் கணினி மாதிரிகளைக் கொண்டு, கடந்த 40,000 ஆண்டுகளில் இந்தத் தொடர்பு அண்டார்க்டிகப் பனியின் ஏற்ற இறக்கத்தை எவ்வளவு பெரிதாக்கியது என்று காட்டினார்கள்.

கடல் எவ்வளவு வேகமாக ஏற முடியும் என்பதற்குப் பவளங்கள் சாட்சி. சில பவளங்கள் கடல்பரப்பை ஒட்டிய சில மீட்டர் ஆழத்தில்தான் நன்றாக வளரும். அவற்றின் எலும்புக்கூடு இன்று எந்த ஆழத்தில் கிடக்கிறது, வயது என்ன என்று பார்த்தால் அன்றைய கடல்மட்டம் கிடைத்துவிடும். பார்படோஸ், தஹிதி தீவுகளில் துளையிட்டு எடுத்த பவளங்கள் சொல்வது இது: சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன், 350 ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் கடல் 14 முதல் 18 மீட்டர் உயர்ந்தது. ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் போல. இன்றைய வேகம் ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் அளவு.

இதையெல்லாம் கேட்டால் ஒருமுறை நகர ஆரம்பித்த பனி நிற்கவே நிற்காது என்று தோன்றும். ஆனால் பனிக்கும் சில தடைக்கட்டைகள் உண்டு.

ஒன்று, அது தானே போட்டுக்கொள்ளும் கரை. ஊர்ந்து வரும் பனி அடியில் சேறும் கல்லும் இழுத்து வந்து தரைதட்டும் கோட்டருகே கொட்டுகிறது. அது ஆப்பு வடிவத்தில் மேடாகிறது. வில்லான்ஸ் ஓடையின் வாயில் ரேடாரால் இப்படியொரு மேட்டைக் கண்டுபிடித்து, 2007-இல் ஸ்ரீதர் ஆனந்தகிருஷ்ணன், ரிச்சர்ட் ஆலி குழுவினர் எழுதினார்கள். இந்த மேட்டுக்குப் பின்னால் பனி தேவைக்கு மேல் தடிமனாகத் தேங்கி நிற்பதால், கடல் சில மீட்டர் ஏறினாலும் கோடு இடத்தைவிட்டு அசையாமல் இருக்க முடியும். அப்படியென்றால் இன்று சில இடங்களில் பனி பின்வாங்குவதற்குக் கடல்மட்ட உயர்வை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1900-லிருந்து உயர்ந்தது 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். மேற்கு அண்டார்க்டிகாவின் அமுன்சென் கடலில், த்வைட்ஸ் பனியாற்றை அடியிலிருந்து தின்பது ஆழத்திலிருந்து வரும் சற்றே வெதுவெதுப்பான நீர்.

இரண்டாவது தடை, ஈர்ப்பு. பனிவிரிப்பு அவ்வளவு கனமானது என்பதால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுவை குறைகிறது, தண்ணீர் விலகிப் போகிறது. உருகும் பனியிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தூரம் வரை கடல்மட்டம் உயர்வதற்குப் பதில் தாழ்கிறது! தொலைவில் உள்ள கரைகளில் சராசரியைவிட அதிகமாக ஏறுகிறது. தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக ஏறுமே, கடலும் அப்படித்தான் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். 1888-இலேயே வுட்வர்ட் என்ற அமெரிக்கர் இதைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார். பனிக்கு இதில் லாபம் என்னவென்றால், தன் வாசலில் கடல் இறங்குவதால் தரையில் உட்கார்ந்திருக்கக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது.

மூன்றாவது, பாறை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சுமை இறங்கியதும் அழுந்திக் கிடந்த நிலம் மேலெழும். சுவீடனில் சீல்கள் ஏறிப் படுக்கும் பாறைகளுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். காலப்போக்கில் சில பாறைகள் தண்ணீரைவிட்டு உயர்ந்துபோய், சீல் ஏற முடியாமல் வேட்டைக்கு உதவாமல் போயின. வெப்பமானியால் நமக்குப் பழக்கமான ஆண்டர்ஸ் செல்சியஸ் 1731-இல் அப்படி ஒரு பாறையில் அன்றைய நீர்மட்டத்தைக் கோடாகச் செதுக்கிவைத்தார். கடல்நீர் வற்றுகிறது என்று அவர் எண்ணினார். வற்றவில்லை. பனியுகச் சுமை நீங்கிய நிலம் எழுந்துகொண்டிருந்தது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலான பொத்னியா வளைகுடாவின் வடபகுதியில் இன்றும் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டரை ஒட்டி எழுகிறது. செல்சியஸின் கோடு இப்போது நீருக்கு நன்றாக மேலே நிற்கிறது.

சுவீடனில் இது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் வேலை. த்வைட்ஸ் பக்கம் பூமியின் உட்பகுதி இளகலாக இருப்பதால் நிலம் உடனுக்குடன் பதில் சொல்கிறது. அமுன்சென் கடலோரம் ஓர் இடத்தில் பாறை ஆண்டுக்கு 41 மில்லிமீட்டர் உயர்வதாக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டார்கள். அடித்தரை உயர்ந்தால் ஆழம் குறையும், தரைதட்டும் கோட்டுக்குப் பிடிப்பு கிடைக்கும்.

ஆனால் இது பந்தயம். கோமெஸ் குழு 2024-இல் வெளியிட்ட கணக்கு இரண்டு முடிவுகளைத் தருகிறது. கரியமில வாயு வெளியேற்றம் குறைவாக இருந்தால், பின்வாங்கும் பனியைப் பாறை எட்டிப் பிடித்துவிடும். அண்டார்க்டிகாவால் உயரும் கடல்மட்டத்தில் 40 சதவீதம் வரைகூடக் குறையலாம். வெளியேற்றம் அதிகமாக இருந்தால் பாறை முந்துவதற்குள் பனி போய்விடும். பனி போன பள்ளத்தில் கடல் புகுந்திருக்கும். அதற்குப் பிறகும் பாறை எழத்தான் செய்யும், ஆனால் அப்போது அதன் மேல் பனி இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அந்தத் தண்ணீரை அது வெளியே தள்ளி, மற்ற கரைகளில் கடலை இன்னும் ஏற்றிவிடும்.

நன்றி, வணக்கம்.