தீர்மானம் யாருடையது, கையெழுத்து யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

சட்டம் இயற்றுவது சட்டமன்றம், அதை நடைமுறைப்படுத்துவது அரசாங்கம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். சென்னைக்கும் டெல்லிக்கும் அந்தப் பாடம் ஓரளவு பொருந்தும். நம்ம ஊர் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலுக்கு வந்ததும் அது தடுமாறிப் போகிறது.

ஒரு கிராம ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடுகிறார்கள். வீட்டு வரி எவ்வளவு, எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் போடுவது என்றெல்லாம் பேசித் தீர்மானம் போடுகிறார்கள். ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஊராட்சித் தலைவர். சரி, மறுநாள் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டியவர் யார்? அதே தலைவர்தான். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் நிர்வாக அதிகாரி அவரே. முடிவெடுக்கும் சபையும் வேலை வாங்கும் அதிகாரமும் ஒரே மேசையில் இருக்கின்றன.

இப்படிப்பட்ட அமைப்பைச் சட்டமன்றம் என்பதா, அரசாங்கம் என்பதா, எந்த வகையில் சேர்ப்பது? பெயரைப் பார்த்து வகைப்படுத்தினால் ஏமாந்துபோவோம். மன்றம், ஒன்றியம், மாநகராட்சி என்ற பெயர்களை வைத்து உள்ளே இருக்கும் அதிகாரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நான் இரண்டே கேள்விகள் கேட்பேன். தீர்மானம் யாருடையது? பணம் யார் கையெழுத்தில் வெளியே போகிறது?

இந்தக் கேள்விகளோடு ஒரு படி மேலே ஏறிப் பாருங்கள். ஊராட்சி ஒன்றியத்தில் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் நிர்வாகம் ஆணையரிடம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரிடம். பேரூராட்சியில் செயல் அலுவலர். மாநகராட்சியில் மேயருக்கு அங்கியும் செங்கோலும் உண்டு, நிர்வாகமோ ஆணையர் கையில். சிற்றூரில் மக்கள் பிரதிநிதியிடம் நம்பிக் கொடுத்த நிர்வாக அதிகாரத்தை, ஊர் பெரிதாகப் பெரிதாக அரசு அலுவலரிடம் கொடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவரே நிர்வாக அதிகாரியாகவும் இருப்பது கிராம ஊராட்சியில் மட்டும்தான். எனக்கு இது எப்போதுமே வியப்புதான். கொல்கத்தாவில் 1984-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மேயரும் அவரது குழுவும் அமைச்சரவை போல நிர்வாகத்தை நடத்துகிறார்கள். ஆக, பெரிய நகரத்தில் இது முடியாது என்று சொல்வதற்கில்லை.

கிராமத்திலும் கடிவாளம் இல்லாமல் விடவில்லை. காசோலையில் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத்தலைவரும் போட வேண்டும். ஒருவர் தன் இஷ்டத்துக்குப் பணம் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஏட்டில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊருக்குள் வந்தால் கதை வேறு. பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் ஒரு பெண் தலைவராகியிருப்பார். ஆதிக்க சாதியைச் சேர்ந்த துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் போதும், குழாய் ரிப்பேருக்குக்கூடப் பணம் நகராது. தூய்மைப் பணியாளர் சம்பளம் நிற்கும். கடைசியில் மாவட்ட ஆட்சியர் தலையிட்டு, கையெழுத்திடும் அதிகாரத்தை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். நிர்வாகத்தைத் தலைவர் கையில் கொடுத்ததாகச் சட்டம் சொன்னாலும், அதன் பாதிச் சாவி இன்னொருவர் இடுப்பில் தொங்குகிறது. வகைப்படுத்துகிறவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டு அதிகாரமும் ஒன்றாகக் கலந்த அமைப்புக்கு உலகம் எடுத்துக்காட்டும் ஊர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள கால்வெஸ்டன். 1900 செப்டம்பரில் புயலும் கடலும் சேர்ந்து அந்தத் துறைமுக நகரத்தை அழித்தன. குறைந்தது 6,000 பேர் மாண்டார்கள். ஊரைத் திரும்பக் கட்ட பழைய நகரசபை உதவாது என்று முடிவு செய்து, 1901-இல் ஐந்து ஆணையர்கள் கொண்ட குழுவிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார்கள். நிதிக்கு ஒருவர், காவலுக்கும் தீயணைப்புக்கும் ஒருவர், தண்ணீருக்கும் சாக்கடைக்கும் ஒருவர் என்று ஆளுக்கொரு துறை. ஐவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அதுவே சட்டமியற்றும் சபை. எழுந்து அவரவர் அறைக்குப் போனால் துறைத் தலைவர்கள். அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான அமெரிக்க நகரங்கள் இந்த முறைக்கு மாறின. வேகம் பிடித்திருந்தது. ஆனால் ஒரு சிக்கல்: தண்ணீர்த் துறைக்காரரின் செலவைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள், நாளைக்குத் தங்கள் செலவுக்கு அவருடைய ஓட்டு தேவைப்படுகிறவர்கள். கால்வெஸ்டனே 1960-இல் இந்த முறையைக் கைவிட்டது. பெரிய நகரங்களில் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த போர்ட்லண்டும் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2025 தொடக்கத்தில் விட்டுவிட்டது.

இதையும் மிஞ்சிய ஓர் ஊர் உண்டு. அதே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற பிளெக்லி கவுண்டியில், 1912-இல் அது உருவானதிலிருந்து, ஒரே ஓர் ஆணையர். வரி விதிப்பவரும் அவரே, செலவழிப்பவரும் அவரே. சபை என்றால் ஓர் ஆள்! பலர் கொண்ட குழுவாக மாற்றலாமா என்று 1986-இல் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வேண்டாம் என்றார்கள். ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் கறுப்பினத்தவர், ஒற்றை நாற்காலிக்குத் தேர்தல் நடந்தால் எங்கள் ஓட்டுக்கு என்றைக்கு மதிப்பு வரும் என்று வழக்குப் போட்டார்கள். 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. சபையில் உறுப்பினர் எண்ணிக்கை இத்தனை இருக்க வேண்டும் என்று, அவர்கள் வழக்குக்கு அடிப்படையாக எடுத்த வாக்குரிமைச் சட்டப்பிரிவின்கீழ் கேட்க முடியாது என்பது தீர்ப்பு.

எங்கேயோ இருக்கும் கவுண்டிக் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? 2016-இல் உள்ளாட்சித் தேர்தல் ரத்தானதிலிருந்து, 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்து புதியவர்கள் பதவியேற்கும்வரை, பெரும்பாலான மாவட்டங்களில் நம் கிராம ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர் கையில் இருந்தன. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். மன்றத்தின் அதிகாரமும் தலைவரின் அதிகாரமும் ஒருவருக்கே. அந்த ஒருவர் வட்டார வளர்ச்சி அலுவலர். அவர் பொறுப்பில் ஒன்றியத்திலுள்ள அத்தனை ஊராட்சிகளும். தீர்மானப் புத்தகத்தில் தீர்மானத்தின் கீழே அவர் கையெழுத்து, அதை நிறைவேற்றும் ஆணையின் கீழேயும் அவர் கையெழுத்து. பிளெக்லியின் ஆணையராவது ஓட்டு வாங்கித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எனவே வகைப்பட்டியல் போடச் சொன்னால், கிராம ஊராட்சிக்கு நான் ஒரு கட்டம் தரமாட்டேன், இரண்டு தருவேன்: மன்றம் இருக்கும் காலத்துக்கு ஒன்று, தனி அலுவலர் காலத்துக்கு இன்னொன்று.

நன்றி, வணக்கம்.